யாகூவை யார் வாங்கினால் நமக்கு என்ன?

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் காலை. புதுப்பட்டினம் பஜாரில் காய்கறி வாங்கிக் கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் பையுடன் வேகமாக வந்தார். கல்பாக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பணத்தில் முதல் செலவாக வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியவர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கே உரிய ஆர்வமும் பயமும் அவரிடம் சம அளவில் உண்டு.

"சார், பேப்பர் பார்த்தீர்களா? குரோம் பிரவுசரை வேறொரு கம்பெனி விலைக்குக் கேட்கிறதாம். நான் இப்போதுதான் எல்லா பாஸ்வேர்டையும் அதில் போட்டு வைத்தேன். விற்றுவிட்டால் அதெல்லாம் யார் கைக்குப் போகும்?" என்று கேட்டார்.

செய்தி உண்மைதான். சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ் தலைமையில் இயங்கும் பெர்ப்ளெக்சிட்டி என்ற நிறுவனம், கூகுள் நிறுவனத்தின் குரோம் பிரவுசரை 3,450 கோடி டாலருக்குக் கேட்டது. கேட்ட நிறுவனத்தின் சொந்த மதிப்பைவிட இந்தத் தொகை அதிகம் என்பதால் உலகமே வேடிக்கை பார்த்தது. ஆனால் செப்டம்பர் 2 அன்று, குரோம் பிரவுசரை கூகுள் விற்க வேண்டியதில்லை என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். பேச்சு அடங்கியது. நண்பரும் நிம்மதி அடைந்தார்.

எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கான பதில் அந்தத் தீர்ப்பில் இல்லை. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில், வேறொரு நிறுவனத்தை முன்னிட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைப் புதிய வாசகர்கள் தெரிந்து கொள்வது நல்லது.

மைக்ரோசாப்ட் கேட்ட விலை

2008 பிப்ரவரி 1 அன்று, யாகூ நிறுவனத்தை வாங்க விரும்புவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஒரு பங்கிற்கு 31 டாலர். மொத்தம் 4,460 கோடி டாலர். முதல் நாள் யாகூ பங்கின் விலை 19.18 டாலர்தான். அதாவது, சந்தை விலையைவிட 62 சதவீதம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள்.

இன்றைய இளைஞர்களுக்கு யாகூ என்றால் என்ன என்று விளக்க வேண்டியதிருக்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் பிலோ என்ற இரு மாணவர்கள் 1994-ல் தங்களுக்குப் பிடித்த இணைய தளங்களைப் பட்டியலிட்டு வைத்தார்கள். அந்தப் பட்டியல்தான் யாகூவாக வளர்ந்தது. எங்கள் பகுதி பிரவுசிங் சென்டர்களில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் முதலில் திறந்தது யாகூவைத்தான். முதல் இமெயில் முகவரி யாகூவில். மகன் வெளிநாட்டில் இருந்தால் அரட்டைக்கு யாகூ மெசஞ்சர். தமிழில் எழுத ஆசை இருந்தால் யாகூ குழுமம். இணையம் என்றாலே யாகூ என்று நினைத்த காலம் அது.

அதனால் மைக்ரோசாப்ட் வாங்கப் போகிறது என்ற செய்தி வந்ததும், பிரவுசிங் சென்டரில் ஆளுக்கு ஒரு கருத்து சொன்னோம். "இனி யாகூ மெயிலுக்குக் காசு கேட்பார்கள்" என்றார் ஒருவர். "ஹாட்மெயிலோடு சேர்த்து விடுவார்கள். முகவரியே மாறிப் போகும்" என்றார் இன்னொருவர். "வாங்குவதே கூகுளை அடக்கத்தான். நம் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது" என்றார் சென்டர் முதலாளி. மூன்றாவது கருத்துதான் உண்மைக்கு அருகில் இருந்தது. தேடலிலும், தேடலோடு வரும் விளம்பரத்திலும் கூகுள் இரண்டு நிறுவனங்களையும் விட்டு வெகு தூரம் ஓடிவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் முதலாவதைப் பிடிக்கலாம் என்பது மைக்ரோசாப்ட் போட்ட கணக்கு.

பிப்ரவரி 11 அன்று யாகூ மறுத்தது. தன்னைக் குறைத்து மதிப்பிட்டு விட்டதாகச் சொன்னது. மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் விலையை 33 டாலராக உயர்த்தினார். யாகூ 37 டாலர் கேட்டது. மே 3 அன்று பால்மர் எழுந்து போய்விட்டார். அந்த ஆண்டு நவம்பரில் யாகூ பங்கின் விலை 10 டாலருக்கும் கீழே போனது. தலைமைப் பொறுப்பிலிருந்து விலகப் போவதாக ஜெர்ரி யாங் அறிவித்ததும் அந்த மாதத்தில்தான். இடையில் கூகுளோடு ஒரு விளம்பர ஒப்பந்தம் போட்டுப் பார்த்தார்கள். போட்டியைக் கெடுக்கும் என்று அமெரிக்க நீதித்துறை எதிர்க்க இருந்ததால் அதுவும் நின்றது. கடைசியில் 2009 ஜூலையில் மைக்ரோசாப்டோடு பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. யாகூவில் தேடினால் பின்னணியில் பிங் தேடிக் கொடுக்கும் ஏற்பாடு அது. வீட்டை விற்க மாட்டேன் என்றவர், அடுப்படியை மட்டும் வாடகைக்கு விட்ட கதைதான்.

2017 ஜூனில் யாகூவின் இணையத் தொழில் முழுவதையும் வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனம் 448 கோடி டாலருக்கு வாங்கியது. 4,460 எங்கே, 448 எங்கே என்று பலரும் கேலி செய்தார்கள். அந்த ஒப்பீடு முழுக்க நியாயமானதல்ல. யாகூவிடம் இருந்த சீனத்து அலிபாபா நிறுவனத்தின் பங்குகள் இந்த விற்பனையில் சேரவில்லை. 2005-ல் 100 கோடி டாலர் போட்டு வாங்கிய அந்தப் பங்குகள் பிறகு பல மடங்கு பெருகின. எனவே யாகூவின் பங்குதாரர்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

விற்காமலே போனவை

2008-ல் நாங்கள் எல்லாரும் பயந்தது, யாகூவை வேறொருவர் வாங்கினால் நம் பொருட்கள் என்ன ஆகும் என்றுதான். யாரும் வாங்காமலேயே அவை போகும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. பட்டியலைப் பாருங்கள்.

வீட்டுக்கு வீடு இலவச இணைய தளம் கட்டிக் கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டிஸ் நிறுவனத்தை யாகூ 1999-ல் சுமார் 360 கோடி டாலருக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. தொடக்க காலத்தில் தமிழர்கள் அமைத்த எத்தனையோ பக்கங்கள் அங்கேதான் இருந்தன. ஆர்க்கைவ் டீம் போன்ற தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து முடிந்தவரை பிரதி எடுத்ததால்தான் அவற்றில் ஒரு பகுதியாவது மிஞ்சியது. யாகூ போட்டோஸ் 2007-லேயே மூடப்பட்டது. படங்களை வேறு இடத்திற்கு மாற்றிக் கொள்ளச் சில மாதங்கள் தந்தார்கள். தெரியாதவர்களின் படங்கள் போயின. யாகூ மெசஞ்சர் 2018 ஜூலை 17 அன்று நின்றது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15 அன்று ஒரேயடியாக மூடப்பட்டன. பழைய மடல்களின் தொகுப்பு அதற்கு ஓராண்டு முன்பே நீக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கடைசி வரி தமிழர்களுக்கு முக்கியமானது. யூனிகோட் எல்லா வீடுகளுக்கும் வருவதற்கு முன்பு, திஸ்கி எழுத்துருவை இறக்கி வைத்துக் கொண்டு தமிழில் எழுதிப் பழகியவர்களின் பெரிய கூட்டம் யாகூ குழுமங்களில்தான் இருந்தது. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று ஒவ்வொன்றும் ஒரு திண்ணை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கதை, கவிதை, சண்டை, சமாதானம் எல்லாம் நடத்தினார்கள். இன்று பெயர் பெற்ற எழுத்தாளர்கள் சிலர் இணையத்தில் முதன்முதலில் தட்டச்சு செய்த வரிகள் அங்கே இருந்தன. மரத்தடிக்காரர்கள் தங்கள் எழுத்துக்களில் பலவற்றைத் தனி இணைய தளத்திலும் தொகுத்து வைத்தார்கள். அப்படிச் செய்யாத குழுமங்களில் இருந்தவை, யாராவது சொந்தமாகப் பிரதி எடுத்து வைத்திருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. அது அவர்கள் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போய், இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே கல்லறைக் கற்களில் செதுக்கியிருக்கும் டச்சு எழுத்துக்களை இன்றும் தடவிப் பார்க்கலாம். கை மாறியும் முந்நூறு ஆண்டாக அந்த எழுத்து அழியவில்லை. ஜியோசிட்டிஸ் தொடங்கியது 1994-ல். முடிந்தது 2009-ல். பதினைந்தே ஆண்டு.

நம் ஊர்க் கதை

இதெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளின் கதை என்று நினைக்க வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, 1998-ல் இணைய இணைப்புத் தொழிலில் தனியாருக்கு வழி திறந்தபோது முதலில் இறங்கிய நிறுவனம். 1999 நவம்பரில், ராஜேஷ் ஜெயின் நடத்தி வந்த இந்தியாவேர்ல்ட் நிறுவனத்தை அது 499 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது நாடே வாயைப் பிளந்தது. செய்திகளுக்கு சமாச்சார், கிரிக்கெட்டிற்கு கேல், சமையலுக்கு பாவர்ச்சி, தேடலுக்கு கோஜ் எனப் பல தளங்கள் அதில் அடக்கம். இந்தப் பெயர்களில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? அடுத்த ஆண்டே டாட் காம் சந்தை சரிந்தது. 2005-ல் சத்யம் தன் பங்கை விற்று வெளியேற, சிஃபியே வேறு கைக்கு மாறியது. இன்று அது டேட்டா சென்டர் தொழிலில் பெரிய நிறுவனம். அன்று அந்தத் தளங்களை நம்பிப் பழகிய வாசகர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சபீர் பாட்டியாவும் ஜேக் ஸ்மித்தும் 1996-ல் தொடங்கிய ஹாட்மெயிலை, அடுத்த ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாப்ட் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னாளில் அவுட்லுக் என்று பெயரும் மாறியது. ஆனால் அன்று தொடங்கிய ஹாட்மெயில் முகவரிகளை விடாமல் பயன்படுத்தி வருபவர்களுக்கு அவை இன்றும் வேலை செய்கின்றன. நல்ல கைக்குப் போன பொருள் நன்றாகவே இருக்கும்.

ஆனால் போட்டியாளர்கள் ஒன்று சேரும்போது நாம் இழப்பது ஒன்று உண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் தன் ஜிமெயிலில் 1 ஜிபி இடம் தருவதாக அறிவித்தது. அன்று யாகூ இலவசமாகத் தந்த இடம் 4 எம்பி. ஹாட்மெயில் தந்தது 2 எம்பி. நான்கு போட்டோ வந்தால் பெட்டி நிரம்பி விடும். பழைய கடிதத்தை அழித்தால்தான் புதிய கடிதம் உள்ளே வரும். ஜிமெயில் வந்த சில மாதங்களிலேயே யாகூ 100 எம்பி ஆனது. ஹாட்மெயில் 250 எம்பி என்று அறிவித்தது. யாரும் போராட்டம் நடத்தவில்லை. மனு கொடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் கூடுதலாகத் தருகிறான் என்ற ஒரே காரணம்தான். கடைகள் மூன்று இருந்ததால் நமக்குக் கிடைத்த லாபம் அது. அன்று மூன்றும் ஒரே முதலாளியிடம் இருந்திருந்தால் 4 எம்பியிலேயே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியிருப்பார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பேஸ்புக் 2014-ல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இருவரின் பயனாளர் கணக்குகளையும் தானாக இணைப்பது நம்பகமாக முடியாத காரியம் என்று அப்போது ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னார்கள். 2016-ல் இணைக்க வழி செய்தார்கள். தவறான தகவல் தந்ததற்காக 2017-ல் 11 கோடி யூரோ அபராதம் விழுந்தது. இந்தியாவிலும், வாட்ஸ்அப்பின் 2021-ஆம் ஆண்டு தனியுரிமைக் கொள்கை தொடர்பாக, 2024 நவம்பரில் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்திற்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கும் நாளில் சொல்வது ஒன்று, வாங்கிய பின் நடப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நம் நண்பர் பாஸ்வேர்டுக்குப் பயந்தது ஒன்றும் அசட்டுத்தனம் இல்லை.

நான் இழந்தது

என் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 காலை கல்பாக்கத்திற்குள் கடல் வந்தது. டவுன்ஷிப்பில் உயிர்கள் போயின. போன் இணைப்பு கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேட்டுப் பகுதியில் ஓர் உறவினர் வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது என் இமெயில் பெட்டி நிறைந்திருந்தது. "அப்பா, இருக்கிறீர்களா?" என்று என் மகன் ஒரே நாளில் பதினொரு கடிதம் எழுதியிருந்தான். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத என் அண்ணன் மும்பையிலிருந்து ஒரே வரி எழுதியிருந்தார்: "தம்பி, பதில் போடு." அந்த ஒரு வரியில்தான் நாங்கள் மறுபடியும் அண்ணன் தம்பி ஆனோம்.

அந்தக் கடிதங்களை நான் அச்செடுக்கவில்லை. பெட்டியில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது ஓர் இலவச இமெயில் சேவை. பெயர் இங்கே தேவையில்லை. பிறகு வேறு முகவரிக்கு மாறினேன். பழைய பெட்டியைப் பல மாதம் திறக்கவில்லை. ஒரு நாள் அண்ணன் காலமான செய்தி வந்தது. அன்று இரவு அந்த ஒரு வரியைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பாஸ்வேர்டு சரியாக இருந்தது. பெட்டி திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நீண்ட நாள் திறக்காத பெட்டிகளைக் காலி செய்வோம் என்று அவர்களின் விதிமுறையில் எழுதியிருந்ததாம். "சம்மதம்" என்ற இடத்தில் டிக் செய்தது நான்தான். படிக்கவில்லை. தவறு என்னுடையதும்தான்.

எனவே, எந்தக் கம்பெனியை எந்தக் கம்பெனி வாங்கும் என்ற ஊகத்தில் எனக்கு இப்போது அவ்வளவு ஆர்வம் இல்லை. வாங்கினாலும் போகலாம். வாங்காவிட்டாலும் போகலாம். நம் பொருளை எடுத்துக் கொண்டு வெளியே வர வழி இருக்கிறதா என்பது ஒன்றுதான் என் கேள்வி.

எண்ணுக்கு உண்டு, இமெயிலுக்கு இல்லை

இந்த வழி எப்படி இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிற்கு நன்றாகவே தெரியும். ஏர்செல் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த செல்போன் நிறுவனம். பிறகு மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. 2018 பிப்ரவரியில் சிக்னல் போய், அந்த மாத இறுதியில் திவால் மனு போட்டது. கடைகளின் முன்னால் வரிசை நின்றது. ஆனால் பெரும்பாலோர் தங்கள் பத்து இலக்க எண்ணை இழக்கவில்லை. அதே எண்ணோடு வேறு நிறுவனத்திற்கு மாறினார்கள். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் அமலில் இருக்கும் எண் மாற்று வசதிதான் காரணம். கம்பெனி போனது, எண் நின்றது. இதைக் கம்பெனிகள் மனமிரங்கித் தரவில்லை. டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் விதியாகக் கொண்டு வந்தது.

இமெயிலுக்கும் போட்டோக்களுக்கும் இப்படி ஓர் உரிமை நம் நாட்டில் சட்டமாக இல்லை. 2019-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், நம் தகவல்களை எடுத்துக் கொண்டு வேறு நிறுவனத்திற்குப் போகும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம். கையோடு எடுத்துக் கொண்டு போகும் உரிமை விடுபட்டுவிட்டது. ஐரோப்பாவில் 2018 முதல் இந்த உரிமை இருக்கிறது. ஏர்செல் வாடிக்கையாளருக்குக் கிடைத்த பாதுகாப்பு, இருபது வருடக் கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? ஒரு சேவையை மூடுவதற்கோ விற்பதற்கோ முன்பு, குறைந்தது ஒரு வருட அவகாசமும், எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் இறக்கிக் கொள்ளும் வசதியும் கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து.

நம் மாவட்டத்திலேயே பெரிய வளாகம் வைத்திருக்கும் ஸோஹோ போன்ற, பங்குச் சந்தைக்குப் போகாத உள்ளூர் நிறுவனத்திற்கு மாறிவிட்டால் பிரச்சினை தீராதா என்று சிலர் கேட்கிறார்கள். மாறலாம். நல்ல சேவைதான். கடைகள் கூடினால் நமக்கு லாபம் என்று மேலேதான் சொன்னேன். ஆனால் உள்ளூர், வெளியூர் என்பது இதற்கு முழு விடை ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நகையைக் கொடுத்து வைத்தாலும், என்னென்ன கொடுத்தோம் என்று நம்மிடம் ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

இன்றே செய்திடுங்கள்

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. எதற்கும் பெரிய செலவில்லை.

1. ஆண்டுக்கு இருமுறை பிரதி எடுங்கள். பொங்கலுக்கு ஒன்று, சரஸ்வதி பூஜைக்கு ஒன்று என்று வைத்துக் கொண்டால் மறக்காது. கூகுள் அக்கவுண்ட் உள்ளவர்கள் டேக்அவுட் என்ற வசதி மூலம் கடிதம், போட்டோ, முகவரிகள் அனைத்தையும் மொத்தமாக இறக்கிக் கொள்ளலாம். மற்ற இமெயில்களுக்கு தண்டர்பேர்ட் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். அது கடிதங்களை உங்கள் கம்ப்யூட்டருக்கே கொண்டு வரும். வந்த கடிதங்களை அதில் உள்ள லோக்கல் போல்டருக்குள் பிரதி செய்து வையுங்கள். அப்போதுதான் சர்வரில் அழிந்தாலும் உங்களிடம் இருக்கும்.

2. போட்டோக்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில், மற்றொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில். அந்த டிஸ்க்கை முடிந்தால் வேறு ஊரில் உள்ள பிள்ளை வீட்டில் வையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

3. பழைய அக்கவுண்ட்களை அவ்வப்போது திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத அக்கவுண்ட்களை நீக்குவது என்பது கூகுள் நிறுவனத்தின் விதி. யாகூ மெயிலில் 12 மாதம் திறக்காவிட்டாலே பெட்டியில் உள்ளவை போகலாம்.

4. பாங்க், ஆதார், பென்ஷன் ஆகியவற்றில் கொடுத்திருக்கும் இமெயில் முகவரி எது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த முகவரி போனால் எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

5. பாஸ்வேர்டுகளை பிரவுசரில் வைத்திருந்தால், அவை அதில் மட்டுமே இருக்கக் கூடாது. முக்கியமான நான்கைந்தையாவது தாளில் எழுதி பீரோவில் பூட்டி வையுங்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடாதீர்கள். 2013-ல் நடந்த திருட்டில் யாகூவின் 300 கோடி அக்கவுண்ட்களும் சிக்கின. அது முழுமையாக வெளியே தெரிந்தது 2017-ல்தான்.

இவற்றை நண்பருக்கும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து டேக்அவுட் கொடுத்தோம். கோப்பு தயாராகி வர மாலை வரை ஆனது. ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் திறந்து பார்த்தபோது, அமெரிக்காவில் இருக்கும் பேத்தி அனுப்பிய முதல் போட்டோ உள்ளே இருந்தது.

"அப்போ குரோமை யார் வாங்கினாலும் கவலை இல்லை, இல்லையா சார்?" என்றார்.

"கவலை கொஞ்சம் இருக்கட்டும். பிரதியும் இருக்கட்டும்" என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். இந்த இதழைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக உங்கள் பழைய இமெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு கடிதமாவது, மறுபடி எழுதச் சொல்ல ஆள் இல்லாத கடிதமாக இருக்கும்.